டன் அக்காவுக்கு மாரடைப்பு

டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் ‘மாரடைப்பு’ என்ற சொல்லைப் பார்த்ததும் சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதழுது வீங்கிய கண்ணும் ஒழுகும் மூக்குமாக, அவசரப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு சிரித்தாள். காவலாளி திரும்பிப் பார்த்தான். அண்ணன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“என்ன ஆச்சு உனக்கு? கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

“மாரடைப்புண்ணே! அக்காவுக்கு மாரடைப்பு. எல்லாருக்கும் வர்ற மாதிரி.”

அண்ணன் காகிதத்தைப் பிடுங்கி இரண்டு தரம் வாசித்தான். பிறகு உள்ளே போய் டாக்டரின் காதோரம் குனிந்தான். “டாக்டர், அவளுக்குப் பழைய சீக்கு ஒண்ணு இருக்கு. ரத்தத்துல. அதனாலதானே?”

டாக்டர் சின்ன வயசுக்காரர். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்று முகம் சொன்னது. “ஃபைல் பார்த்தேன் சார். எச்.ஐ.வி. கிருமியை ரத்தத்துல தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அடக்கி வச்சிருக்காங்க. பதினஞ்சு வருஷமா அப்படித்தான் ரிப்போர்ட் வருது. கழுத்துல வந்த டி.பி. அதுக்கு முன்னாடியே சரியாப் போச்சு. இது இதயத்துல ரத்தக்குழாய் அடைப்பு. எங்க அப்பாவும் இதுலதான் போனார்.”

அண்ணன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

காலை ஒன்பதரை மணிக்கு, அக்கா வேலை பார்த்த லாரி எடைமேடையின் கண்ணாடி அறைக்குள், தன் நாற்காலியிலேயே அக்காவின் உயிர் போயிருந்தது. மணல் ஏற்றிய லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றது. “டிரைவரே, பின்சக்கரம் வெளிய நிக்குது, கொஞ்சம் முன்னால...” என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எவ்வளவு முன்னால் என்று சொல்லவில்லை. டிரைவர் காத்திருந்து, ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டே இறங்கிப் போய்ப் பார்த்தபோது மைக்கின்மேல் தலை சாய்ந்திருந்தது. மணலைக் கொட்டாமல் அதே லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். வாசலில் அது இன்னும் நின்றது.

ஐம்பத்திரண்டு வயது. போகிற வயதில்லைதான். ஆனால் முப்பத்து மூன்றிலேயே இந்த வீட்டார் அவளுக்கு முடிவு கட்டியிருந்தார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, லாரி ஓட்டிய புருஷனை அடக்கம் செய்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள் பெரியவள். கன்னம் ஒட்டிப்போய், சாயங்காலமானால் காய்ச்சல். கழுத்தின் இரண்டு பக்கமும் கோலிக்குண்டுகளைக் கோத்துப் போட்டதுபோல் கட்டிகள். அக்குளில் வேறு. அதே சமயத்தில் சின்னவளுக்கும் கழுத்தில் இடதுபக்கம் ஒரே ஒரு கட்டி. வலியில்லை, காய்ச்சலில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் வீட்டில் அதுதான் பெரிய கவலை.

இருவரையும் ஒரே நாளில் ஒரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே நர்ஸ், இருவர் கழுத்திலும் ஊசி போட்டு நீர் எடுத்தாள். பெரியவளின் நீரில் டி.பி. கிருமி கும்பலாக இருந்தது, தேடவே வேண்டியிருக்கவில்லை. ரத்தத்தில் அந்த இன்னொன்றும் இருந்தது. சின்னவளின் நீரில் ஒன்றுமே தெரியவில்லை. “சாதாரணக் கட்டியா இருக்கும், கொஞ்ச நாள் பார்ப்போம், போயிட்டு வாம்மா” என்று அனுப்பப் பார்த்தார்கள்.

நிற்கவே தெம்பில்லாத பெரியவள் பெஞ்சிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, டாக்டரின் மேஜையில் கையூன்றி நின்றாள்.

“ஒரே வீடு டாக்டர். எங்கப்பா நாலு வருஷம் இருமி இருமிச் செத்தார். அவர் இருமல் என் கழுத்துல இருக்குன்னா இவ கழுத்துல இல்லாமப் போகுமா? நல்லாப் பாருங்க. பார்க்காம நான் நகர மாட்டேன்.”

சின்னவளின் கட்டியில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் பதில் வந்தது. அதே டி.பி.தான்.

“எதிர்ப்புச் சக்தி இருக்கிற உடம்புல கிருமி கொஞ்சமா, ஒளிஞ்சு கிடக்கும். இல்லாத உடம்புல கொட்டிக் கிடக்கும். உங்க அக்கா கழுத்து உண்மையைச் சொல்லிடுச்சு, உன் கழுத்து மறைச்சிடுச்சு, அவ்வளவுதான்” என்றார் டாக்டரம்மா. குள்ளமான பெண், கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில். “ரெண்டு பேருக்கும் மாத்திரை ஒண்ணுதான். பெரியவங்களுக்கு அந்த இன்னொண்ணுக்கும் தனியா மாத்திரை, அது வாழ்நாள் முழுக்க. ஆறு மாசம் பார்க்கலாம்.”

ஆறு மாசம் மருந்து சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடும், அதுவரை பார்க்கலாம் என்று அவர் சொன்னார். அண்ணன் வீட்டுக்கு வந்து, “ஆறு மாசம்தானாம்” என்றான். அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அந்தக் கணக்கு தப்பு என்று வீட்டுக்கு உறைக்க ஒரு வருஷம் ஆயிற்று.

சின்னவளின் கட்டிக்கு வீட்டில் ‘தைராய்டு’ என்று பேர் வைத்தார்கள். பழம் வாங்கி வந்தார்கள், வெயிலில் போகாதே என்றார்கள். பெரியவளுக்குப் பின்கட்டு அறை, தனித் தட்டு, தனி டம்ளர், துணி காயப்போடத் தனிக்கொடி. கழுத்துக் கட்டி யாருக்கும் ஒட்டாது, அந்த இன்னொன்று தட்டிலும் டம்ளரிலும் பரவாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டுதான் தட்டு வாங்கப் போனான். நாலு வருஷம் இருமிய அப்பாவின் டம்ளரை அந்த வீட்டில் யாரும் தள்ளி வைத்ததில்லை.

மாத்திரையோ ஒன்று. காலையில் இரண்டு பேரும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து விழுங்குவார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பற்றிக் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள்.

அந்த இன்னொன்றுக்கான மருந்தை ஆரம்பித்த மாசம் பெரியவளின் கழுத்து முன்னைவிட மோசமாக வீங்கியது. ஒரு கட்டி உடைந்து ஒழுகியது. “முடிஞ்சது. இதுக்குமேல அவளைப் போட்டு அலைக்கழிக்க வேண்டாம்” என்றான் அண்ணன். டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இத்தனை நாள் தூங்கிட்டிருந்த உடம்பு இப்பதான் முழிச்சிருக்கு. முழிச்சதும் கிருமியோட சண்டைக்குப் போயிருக்கு, அதான் வீக்கம். இதை நான் பார்த்துக்கறேன். மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.”

பெரியவள் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணியிடம், “அண்ணி, என் உடம்பு முழிச்சிக்கிட்டு சண்டை போடுதாம்” என்றாள். ஏதோ வேலை கிடைத்த செய்தியைச் சொல்வதுபோல.

வேலையும் கிடைத்தது. புருஷனின் கூட்டாளி ஒருவர், மீசை என்றால்தான் லாரிக்காரர்களுக்குத் தெரியும், ஊர் எல்லையில் இருந்த எடைமேடையில் சேர்த்துவிட்டார். சேர்ந்த அன்று சின்னவளும் துணைக்குப் போயிருந்தாள். விளையாட்டாக இரண்டு பேரும் மேடையில் ஏறி நின்றார்கள். லாரி நிறுக்கிற மேடை, பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். சிவப்பு எண்ணில் எண்பது என்று விழுந்தது. “ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளுக்குக் காணல” என்று மீசை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு வருஷம் கழித்து அதே மேடையில் மறுபடி நின்றார்கள். சின்னவளுக்கு மாத்திரை முடிந்து, கல்யாணமாகி, மூன்று மாசம் ஆகியிருந்தது. கண்ணாடி அறையில் மைக்கைப் பிடித்தவர் மீசை.

“மொத்த எடை நூத்திப்பத்து! காலி எடை எண்பது! நிகர எடை முப்பது கிலோ! சரக்கு என்னன்னு எழுதுறது?”

“உசுருன்னு எழுதுண்ணே!” என்று பெரியவள் கத்தினாள். வரிசையில் நின்ற லாரிகள் அத்தனையும் ஹாரன் அடித்தன. டன் கணக்கில் நிறுக்கிற அந்த மேடையில் அன்றைக்குத்தான் அவளுக்கு டன் அக்கா என்று பேர் வந்தது.

அதற்குப் பிறகு அந்த மைக் லாரியை மட்டும் நிறுக்கவில்லை. “நீல வண்டி டிரைவரே, போன மாசம் சட்டை நிறைஞ்சிருந்தீரு, இந்த மாசம் காத்தாடுது. நாளைக்குப் போய் ரத்தம் டெஸ்டுக்குக் குடுத்துட்டு வாரும். வந்தாத்தான் எடைச்சீட்டு.” “கிளீனர் தம்பி, கழுத்துல துண்டை எடு பார்ப்போம். அது என்ன கட்டி? வெட்கப்படாதே, எனக்கு நாலு இருந்துச்சு.” வரிசையில் நிற்கிற அத்தனை வண்டிக்கும் கேட்கும். முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார்கள்.

இந்த மைக் பேச்சு எதுவும் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. அண்ணன் எடைமேடைப் பக்கம் போனதே கிடையாது.

மதியம் ஒரு மணிக்கு அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். அண்ணன் சவ வண்டிக்காரனிடம் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தான்.

“இப்பவே மணி ஒண்ணேகால். யார் யாருக்குச் சொன்னீங்க?” என்று சின்னவள் கேட்டாள்.

“யாருக்கும் சொல்லல. சொல்லவும் வேண்டாம். சட்டுனு எடுத்துடலாம்.” வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “புரிஞ்சுக்கோ. அடுத்த வாரம் என் பொண்ணைப் பார்க்க வர்றாங்க. இந்தச் சமயத்துல அத்தைக்கு அந்தச் சீக்கு, இந்தச் சீக்குன்னு பேச்சு வந்தா அவ கதி?”

“குளிப்பாட்டணும்.”

“அதெல்லாம் ஆஸ்பத்திரியிலயே...”

“இல்ல. காலைல இருந்து மணல் தூசியில உட்கார்ந்திருந்தா. தலையெல்லாம் மண்ணு. தண்ணி எடுத்துட்டு வாங்க.”

அண்ணி ரப்பர் கையுறை இரண்டு ஜோடி கொண்டுவந்து வைத்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை. பத்தொன்பது வருஷமாகப் பின்கட்டு அறைக்கு வேளை தவறாமல் சாப்பாடு போனது அவள் கையால்தான். தட்டை மட்டும் நுனிவிரலால் பிடிப்பாள்.

சின்னவள் கையுறையைத் தொடவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றிய துணியைப் பிரித்தாள். அக்காவின் முகத்தில் சிடுசிடுப்பு இருந்தது. வாக்கியத்தை முடிக்க விடவில்லையே என்ற சிடுசிடுப்பு. கழுத்தில் கட்டி உடைந்து ஆறிய இடம் சுருங்கி, வெளுத்து, காதுக்குக் கீழிருந்து தோள்பட்டைவரை ஓடியது. அதை அவள் என்றும் மறைத்ததில்லை. சின்னவளின் தழும்பு ஒரு விரற்கடைகூட இருக்காது. அதற்குப் பத்தொன்பது வருஷமாகக் கழுத்து ஏறின ரவிக்கை, அதற்கும் மேலே இழுத்துக் குத்திய முந்தானை.

ஈரத்துணியால் அக்காவின் கழுத்தைத் துடைத்தாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். “எதுல போனாங்களாம்?” என்று யாரோ கேட்பதும், அண்ணன் ஏதோ முனகுவதும் காதில் விழுந்தது. அவன் முனகிய விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பதிலை அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்க வேண்டும்.

துணியைக் கிண்ணத்தில் போட்டாள். தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள், ரவிக்கையின் மேல் பொத்தானையும்.

“அண்ணே, இங்க வா. எல்லாரும் வாங்க.” அவள் குரல் அந்த வீட்டில் அவ்வளவு உயர்ந்ததே இல்லை. “எங்க அக்கா மாரடைப்புல போனா. அவளுக்கு எச்.ஐ.வி. இருந்துச்சு, பத்தொன்பது வருஷம் ஒருநாள் தவறாம மாத்திரை சாப்பிட்டு அதை அடக்கி வச்சா. அவ கழுத்துல டி.பி. இருந்துச்சு, அதை ஒழிச்சுக் கட்டினா. எனக்கும் இருந்துச்சு. தைராய்டு இல்ல, டி.பி. இதோ பாருங்க, அதே கழுத்து. அதே மாத்திரை. எனக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சதே அவதான். எனக்குப் பழம் குடுத்தீங்க, அவளுக்குத் தனித் தட்டு குடுத்தீங்க. ரெண்டு பேரும் பிழைச்சோம்.”

  அண்ணனின் கண் சின்னவளைத் தாண்டி, மூலையில் நின்ற அவள் புருஷனிடம் போனது. அவளும் அப்போதுதான் திரும்பினாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அந்த மனுஷனிடம் தைராய்டு என்றுதான் சொல்லியிருந்தாள். கை தானாகத் தோளில் முந்தானையைத் தேடியது.

“மாப்பிள்ள, அது வந்து...” என்று ஆரம்பித்தான் அண்ணன்.

“தெரியும் மச்சான்” என்றார் அவர். பேச்சு கம்மியான ஆள். மூக்கைத் துடைத்துக்கொண்டார். “கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி இவங்க என்னை எடைமேடைக்கு வரச் சொன்னாங்க. கண்ணாடி அறையில உட்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தாங்க. ‘என் தங்கச்சிக்கு வந்தது மருந்துல போயிடுச்சு. எனக்கு இருக்கிறது போகாது, ஆனா சொன்ன பேச்சு கேட்டு அடங்கிக் கிடக்கும். ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுக் கட்டுறதா இருந்தா கட்டுங்க, இல்லைன்னா டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க’ன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டவள் அண்ணி.

“இன்னொரு டீ கேட்டேன்.”

சின்னவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் இழுத்து இழுத்துக் குத்திய முந்தானை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. “சொல்லியிருக்கலாம்ல” என்றாள்.

“நீயா சொல்ற வரைக்கும் கேட்காதீங்கன்னாங்க. கேட்கல.”

கையுறைகள் தரையிலேயே கிடந்தன. அண்ணி அவற்றைத் தாண்டி வந்து, சப்பணமிட்டு உட்கார்ந்து, நாத்தனாரின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நீ தண்ணி ஊத்து. நான் தலையைப் பிடிச்சுக்கறேன்” என்றாள். விரல்களால் கோதக் கோத, முடியிலிருந்து மணல் உதிர்ந்து தண்ணீரோடு போனது. “நல்ல முடி. இந்த வயசுலயும் கொட்டவே இல்ல” என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

இரண்டரை மணிக்கு முதல் ஹாரன் கேட்டது. எழவு வீட்டு முன்னால் எவன் இப்படி அடிக்கிறான் என்று அண்ணன் சீறிக்கொண்டு வெளியே போனான். போனவன் திரும்பி வரவில்லை. சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

தெருமுனையிலிருந்து லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. முதலில் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்த அதே மணல் லாரி. அதன் பின்னால் ஜல்லி, இரும்புக் கம்பி, காலி வண்டி ஒன்று, பால் டேங்கர் ஒன்று. சைக்கிளே சிரமப்பட்டுத் திரும்பும் தெரு. மாடிகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

மீசை இறங்கினார். இப்போது மீசை முழுக்க வெள்ளை. “எடைமேடையை மூடியாச்சு. ரோட்டுல வர்ற எவனும் இன்னிக்கு நிறுக்க முடியாது. எல்லாவனும் இங்கதான் வர்றான்” என்றார் அண்ணனிடம், அனுமதி கேட்கும் தொனியே இல்லாமல்.

அவர்கள் கூடத்துக்குள் கூச்சத்தோடு வரிசையாக வந்தார்கள். பெரிய கை, அழுக்குச் சட்டை, செருப்பை எங்கே விடுவது என்ற தடுமாற்றம். பார்த்துவிட்டு வெளியே வந்ததும் வாய் திறந்துகொண்டது. வாசற்படியில் ஒருவன் தன் கழுத்தைத் தடவிக் காட்டினான்.

“எனக்கு ரெண்டு இருந்துச்சு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. மைக்ல போட்டு மானத்தை வாங்கிடுச்சு இந்த அக்கா. ஆறு மாசம் மாத்திரை, ஓடியே போச்சு.”

“உனக்கு வெறும் கட்டிதானேடா” என்றான் இன்னொருவன், பெருமை குறையாமல். “எனக்கு ரெண்டும் இருக்கு, அக்கா மாதிரியே. பத்து வருஷமா மாத்திரை சாப்பிடுறேன், பத்து வருஷமா வண்டி ஓட்டுறேன். ரெண்டு புள்ளைங்க, ரெண்டுக்கும் ஒண்ணும் இல்ல. டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சு.”

“நான் அப்ப ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்திருந்தா எலும்புகூட மிஞ்சியிருக்காது” என்றான் மூன்றாமவன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மாள் தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் வாசல் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொருவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எத்தனை பேர்கிட்ட இதைச் சொல்லியிருக்கா?” என்று மீசையிடம் கேட்டான்.

“யாருக்கு எண்ணிக்கை தெரியும்? தினம் இருநூறு வண்டி. மைக்ல சொல்லும்.”

“மைக்லயா?”

“வால்யூமைக் கூட்டி வச்சு.”

அண்ணன் முகம் கோணிக்கொண்டு போனது. அழப்போகிறான் என்று சின்னவள் நினைத்தாள். அவனுக்கும் காலையில் அவளுக்கு வந்ததுபோலவே சிரிப்புத்தான் வந்தது. கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

தூக்கும் நேரம் வந்தபோது மீசை முன்பக்கத்துக்குக் கை கொடுக்கப் போனார். அண்ணன் அவரை விலக்கி, “நான் பிடிக்கறேன். என் தங்கச்சி” என்றான். தலைமாட்டில் வந்து நின்று குனிந்தான். முகத்தருகே முகம் போனது. பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அவன் போனதில்லை.

வாசலுக்கு வந்தால் நகர முடியவில்லை. மூன்று மணி வண்டி நாலு மணிக்கு வந்து, தெருமுனைக்கு வெளியே, உள்ளே வர வழியில்லாமல் நின்றது. பதினொரு லாரி. ஒன்றுக்கும் திரும்ப இடமில்லை. ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்து முனைவரை போனால்தான் தெரு விடும். டிரைவர்கள் ஏறி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை.

“ஆம்பளைங்க யாராவது போய் வழி சொல்லுங்களேன்” என்றாள் அண்ணி.

சின்னவள் ஏற்கெனவே தெருவில் இறங்கியிருந்தாள். முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு, கடைசி லாரியின் பின்னால் போய், டிரைவரின் கண்ணாடியில் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள். லாரியின் பக்கப் பலகையில் கையால் இரண்டு தட்டு தட்டினாள்.

“வா... வா... வா... இடதுபக்கம் சாக்கடை, பார்த்து... வா... போதும், இப்ப ஒடிச்சுத் திருப்பு!”

ஏழாவது லாரி முனை திரும்பும்போது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்னும் நாலு இருந்தன.